காஞ்சியின் இசை மரபு: ஆக்கியோரும் ஏந்தியோரும்

முன்னுரை

ஒரு நாட்டின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடல் ஆக்கியோரின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். இன்னார் இன்ன ஆண்டிற் பிறந்தார், இன்ன தலத்தைப் பாடினார், இன்ன இராகத்தில் இத்துணைப் பாடல்கள் செய்தார் என நிரல்படுத்திவிட்டால் வரலாறு நிறைவெய்திவிட்டதாகக் கருதுதல் வழக்கமாகிவிட்டது. பாடலின் ஈற்றடியில் முத்திரை வைத்தவரின் பெயர் நிலைத்து நிற்கின்றது. அப்பாடலைத் தலைமுறை தலைமுறையாக நாவில் ஏந்தி வந்தவரின் பெயர் அங்ஙனம் நிற்பதில்லை. நாட்டுப்புற இசைக்கோ ஆக்கியோர் பெயரும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆதலின் அது வரலாறு அற்றதென ஒதுக்கப்படுகின்றது.

இவ்வழக்கம் பொருந்துமா என்பதைக் காஞ்சிபுரம் என்னும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கோயில்களாலும் பட்டு நெசவாலும் பெயர் பெற்ற இந்நகரம் இசை வரலாற்றிலும் இடையறாத இடம் பெற்றது. சங்கப் பாட்டு, தேவாரம், திருப்புகழ், கீர்த்தனை, கூத்து ஆகிய யாவும் இங்கு வழங்கின. செவ்விசை என்றும் நாட்டுப்புற இசை என்றும் இன்று நாம் இரண்டாகப் பகுப்பன, இவ்வூரில் எவ்விடத்தில் பிரிந்தன, எவ்விடத்தில் கலந்தன என்பதே யாம் எழுப்பும் வினா. அப்பிரிவு பண்ணிலும் தாளத்திலும் தோன்றியதைக் காட்டிலும், பாடும் இடத்திலும், பாடுவோர் பெற்ற மதிப்பிலும், எழுதிவைத்த ஏட்டிலுமே மிகுதியாகத் தோன்றியது என்பது எம் கருத்து. அதற்குரிய சான்றுகளைக் கால முறையில் காண்போம்.

பெரும்பாணனும் ஆயனும்

காஞ்சியைப் பற்றி விரித்துரைக்கும் பழந்தமிழ்ப் பாட்டு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய இப்பாட்டு, தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற வேறொரு பாணனைக் காஞ்சிக்கு ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது. ஆகவே காஞ்சியின் தெருக்களையும் கோட்டையையும் அவைக்களத்தையும் நமக்கு முதன்முதலில் விரிவாகக் காட்டுவோன் ஓர் இசைவாணன். பாட்டின் தொடக்கத்தில் அவன் ஏந்திய பேரியாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக உவமையோடு கூறப்படுகின்றன. அரசவையை நாடிச் செல்லும் தேர்ந்த கலைஞன் அவன் என்பதில் ஐயமில்லை.

இப்பாட்டிலேயே, காஞ்சிக்குச் செல்லும் வழியில், முல்லை நிலத்து ஆயன் ஒருவனையும் புலவர் காட்டுகின்றார். அவன் தீக்கடைகோலால் துளையிட்டு ஒரு குழல் செய்கின்றான். அதில் பாலைப் பண்ணை எழுப்புகின்றான். அது சலித்தபின், குமிழ மரத்தின் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, அவ்வில்யாழில் குறிஞ்சிப் பண்ணை இசைக்கின்றான். அவ்வொலியைத் தம் இனத்தின் ஒலியென மயங்கி வண்டுகள் செவிகொடுக்கின்றன என்று புலவர் கூறுவர்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாணனின் யாழ் வேறு; ஆயனின் வில்யாழ் வேறு. முன்னது பல உறுப்புகள் பொருந்தத் தச்சுத் திறத்தால் ஆயது. பின்னது காட்டில் கிடைத்த கொம்பாலும் நாராலும் ஆயது. ஆயினும் ஆயன் இசைத்தவற்றை வெற்றொலி என்று புலவர் கூறவில்லை. பாலை, குறிஞ்சி என்னும் பண்களின் பெயரையே கூறுகின்றார். புலவர் தாம் அறிந்த பண்ணின் பெயரை ஆயன்மேல் ஏற்றிக் கூறியிருத்தலும் கூடும் என ஒருவர் தடை எழுப்பலாம். அங்ஙனமே கொள்ளினும், ஆடு மேய்ப்பவன் குழலிலும் அவைக்களப் பாணன் யாழிலும் ஒரே பண்முறை ஒலிக்கும் எனக் கூறுவதில் அவர்க்கு இழுக்கொன்றும் தோன்றவில்லை என்பது தெளிவு. பண்ணைக் கொண்டு மக்களை மேலோர் கீழோர் எனப் பகுக்கும் நோக்கு இப்பாட்டில் இல்லை.

அரசும் கோயிலும்

பல்லவர் காலத்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் அவனுடைய விருதுப்பெயர்கள் பல பொறிக்கப்பட்டுள்ளன. வீணையில் நாரதன், இசைக்கருவியில் தும்புரு, வாத்தியத்தில் வித்தியாதரன் என்னும் பொருளுடைய பெயர்களும் அவற்றுள் உள்ளன. அரசன் இசைவல்லான் என்பதைக் கல்லே கூறுகின்றது. அவன் அவையில் பாடினோர், கருவி இசைத்தோர், அவனுக்குக் கற்பித்தோர் ஆகியோரின் பெயர்களை அவ்வரிசை கூறவில்லை. இசையைப் பற்றிய எழுத்துச் சான்று யாருடைய பெயரைக் காக்கும், யாருடைய பெயரை விடும் என்பதற்குக் காஞ்சியில் கிடைக்கும் தொன்மையான எடுத்துக்காட்டாக இதனைக் கொள்ளலாம்.

தேவார மூவரும் கச்சி ஏகம்பத்தைப் பாடினர். அப்பதிகங்கள் பண் வகுக்கப்பெற்றுத் திருமுறைகளில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் இசை எங்ஙனம் நமக்குக் கிடைத்தது என்பதைத் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியால் அறியலாம். ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட பின்னரும் பண் முறை தெரியாமல் அரசனும் நம்பியாண்டார் நம்பியும் மயங்கினர். அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்களை வகுத்துத் தந்தாள் என்பது அப்புராணச் செய்தி. யாழ்ப்பாணர் சம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்று பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். மதுரைக் கோயிலில் அவர் முதலில் வாயிலின் முன் நின்றே யாழ் வாசித்தார் என்றும், இறைவன் ஆணையால் பின்னர் உள்ளே அழைக்கப்பெற்றார் என்றும் பெரியபுராணம் கூறும்.

புராணச் செய்தியை நடந்த வரலாறாகவே கொள்ளவேண்டும் என யாம் கூறவில்லை. ஆயினும் நம் முன்னோர் தம் இசையின் வரலாற்றைப் பற்றித் தாமே எண்ணிய எண்ணம் அதில் புலப்படுகின்றது. சொல் ஏட்டில் இருந்தது; இசை பாணர் குடியில் பிறந்த பெண்ணிடம் இருந்தது. அவள் இல்லையேல் ஏடு ஊமையாகியிருக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெளியூரிலிருந்து வந்த பாடல்கள்

கீர்த்தனை மரபின் மும்மூர்த்திகளும் காஞ்சித் தெய்வங்களைப் பாடியுள்ளனர். ஆயினும் மூவருள் ஒருவரும் காஞ்சியிற் பிறந்தவர் அல்லர். மூவரும் திருவாரூரிற் பிறந்தவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. சியாமா சாஸ்திரி (1762–1827) பாடிய காமாட்சி, காஞ்சிக் கோயிலில் இன்று நாம் காணும் மூர்த்தம் அன்று. போர்க்குழப்பம் மிகுந்த காலத்தில் காஞ்சியினின்றும் எடுத்துச் செல்லப்பட்டுப் பல ஊர்களில் தங்கி, திருவாரூரையும் பின்னர்த் தஞ்சையையும் அடைந்த பங்காரு காமாட்சி என்னும் பொன் வடிவமே அவர் வழிபட்டது. அவருடைய முன்னோர் அம்மூர்த்தத்தின் பூசகராக உடன் சென்றவர். ஆகவே காஞ்சியின் புகழ்பெற்ற இசைப்படைப்புகளுட் சில, காஞ்சியை விட்டுப் பெயர்ந்த ஒரு குடியின் நினைவில் தோன்றியவை எனலாம்.

அவர் இயற்றிய மூன்று சுரசதிகளும் காமாட்சியைப் போற்றுவன. அவற்றுள் ஒன்று யதுகுலகாம்போதியில் அமைந்தது. இவ்விராகத்தின் பழம் பெயர் எருகலகாம்போதி என இசை நூல்களில் வழங்குகின்றது. முத்துசாமி தீட்சிதர் மரபிலும் அப்பெயரே ஆளப்பட்டது. தெலுங்கு நாட்டில் குறி சொல்லித் திரிந்த எருகலர் என்னும் மக்களின் பெயரோடு இதனைத் தொடர்புபடுத்துவர். அம்மக்கள் தமிழகத்துக் குறவரோடு உறவுடையவராகக் கருதப்படுவோர். இத்தொடர்பு சரியாயின், ஊர் ஊராகத் திரிந்த மக்களின் பண் ஒன்று காமாட்சியின் சன்னிதியில் பெருமை மிக்க சுரசதிக்கு உருக்கொடுத்தது என்று ஆகின்றது. இராகத்தின் பெயர் மாறியதையும் நாம் நோக்கவேண்டும். எருகல என்பது யதுகுல எனத் திரிந்தபோது, குறவர் பெயர் மறைந்து கண்ணன் பிறந்த குலத்தின் பெயர் வந்து அமர்ந்தது. பண் அழியவில்லை; அதனைத் தந்தோரின் பெயரே அழிந்தது.

முத்துசாமி தீட்சிதர் (1775–1835) காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கி, உபநிடத பிரமம் என்னும் துறவியின் தொடர்பைப் பெற்றார் என்பர். ஏகாம்பரநாதரைப் பைரவி இராகத்தில் பாடிய 'சிந்தய மாகந்த' என்னும் கீர்த்தனை அவர் படைப்புகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. ஆயினும் இவ்வாய்வுக்கு வேண்டுவது அதனினும் எளிய வேறொரு பாடல். சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில் ஐரோப்பியரின் இசைக்குழுக்களைக் கேட்ட தீட்சிதர் குடும்பத்தார், அம்மெட்டுகளை ஆர்வத்தோடு கற்றனர். தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடிலைக் கற்றுத் தென்னக இசைக்கு உரியதாக்கினார். தமையனார் அயல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். நோட்டு சுரங்கள் எனப்படும் அப்பாடல்களுள், இங்கிலாந்து மன்னர் வாழ்த்தின் மெட்டில் அமைந்ததும் உண்டு. காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடுவதும் உண்டு. பைரவியில் வணங்கிய அதே தெய்வத்தை ஐரோப்பிய மெட்டிலும் வணங்க அப்பெரும்புலவர்க்குத் தடை தோன்றவில்லை. செவ்விசையின் தூய்மையைப் பற்றிப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தனகோடி அம்மாள் இல்லம்

ஆக்கியோர் வெளியூரினர் எனின், காஞ்சியின் இசையை வளர்த்த காஞ்சியினர் யாவர்? இவ்வினாவுக்கு விடை கோயிலை அடுத்த தெருக்களில் வாழ்ந்த இசைக்குடும்பங்களில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனகோடி அம்மாள், காமாட்சி அம்மாள் என்னும் உடன்பிறந்தார் இருவர் பாட்டில் பெரும் புகழ் பெற்றிருந்தனர். இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே தனகோடி அம்மாளின் குரல் அதில் பதிவாயிற்று. இவர்கள் பாடல் ஆக்கியோராக அறியப்பட்டவர் அல்லர். ஆகவே ஆக்கியோர் வரலாற்றில் இவர்க்கு இடமில்லை. ஆனால் இவர் பாடாவிடின் அப்பாடல்கள் அடுத்த தலைமுறையை எங்ஙனம் அடைந்திருக்கும்?

காமாட்சி அம்மாளின் மைந்தர் சுப்பிரமணிய பிள்ளை என்னும் நயினாப் பிள்ளை (1889–1934). இளமையில் மற்பயிற்சியில் நாட்டங்கொண்டு திரிந்த இவர், பின்னரே இசையில் மனம் வைத்தார் என்பர். சிற்றன்னை முறையினரான தனகோடி அம்மாளிடமிருந்து அவர் பெற்ற பாடல்களே அவருடைய கலைக்கு அடிப்படை. தாளத்தில் அவரை வெல்வார் இலர் எனப் பெயர் பெற்ற அப்பெரியாரின் கலை, அக்குடும்பத்துப் பெண்டிரிடமிருந்தே வந்தது என்பதை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஒரு தொடரில் கூறிக் கடந்துவிடுகின்றனர்.

அவர்க்குப் பின்னரும் அம்மரபு பெண்களிடம் சென்றது. வீணை தனம்மாளின் பேர்த்தியரான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிக்கு வந்து நயினாப் பிள்ளையிடம் பயின்றனர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் என். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் அவர்தம் மாணவர்.

1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது; அது வேண்டுவதே. ஆனால் அச்சட்டத்துக்கு முன்னும் பின்னும் அவ்வழக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட குடும்பங்களின்மேல் விழுந்த பழிச்சொல், அவர்கள் காத்த இசையின் மேலும் விழுந்தது. இசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைத் தந்தோரின் பெயரைச் சொல்லக் கூசும் நிலை தோன்றியது. எருகலகாம்போதிக்கு நேர்ந்ததே ஈண்டும் நேர்ந்தது.

திருப்புகழும் தாளமும்

நயினாப் பிள்ளையின் கச்சேரிகளில் இருவகைப் புதுமைகள் குறிக்கத்தக்கன. முதலாவது, திருப்புகழுக்கு அவர் தந்த இடம். பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் காஞ்சித் தலத்தின்மேல் பல திருப்புகழ்ப் பாக்கள் பாடியுள்ளார். அப்பாக்களின் உயிர் சந்தம். சந்தத்தின் குழிப்பே தாளத்தை வகுத்துவிடுகின்றது. ஏழு தாளங்கள் என்னும் வரையறைக்குள் அடங்காத நீண்ட தாளங்கள் பல அவற்றால் தோன்றுகின்றன. கோயில்களிலும் பசனைகளிலும் காவடி எடுக்கும் அடியார் கூட்டத்திலும் வழங்கிய திருப்புகழை, நயினாப் பிள்ளை கச்சேரி மேடையில் தம் தாள வன்மைக்கெல்லாம் உரிய களமாக்கினார். தமிழிசை இயக்கம் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாநாட்டாலும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தாலும் வலுப்பெறுவதற்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார். இயக்கம் வேண்டி நின்றவற்றுள் ஒன்றை அவர் இயல்பாகவே செய்திருந்தார்.

இரண்டாவது, பக்கவாத்தியங்களின் விரிவு. பிடிலும் மிருதங்கமும் மட்டுமன்றி, கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக்கு, கொன்னக்கோல் ஆகியனவும் சூழ அவர் பாடினார். இக்கருவிகள் வந்த வழியை நோக்குதல் வேண்டும். கடம் நீர் மொள்ளும் பானையின் உருவினது. உடும்புத் தோல் போர்த்த கஞ்சிரா, பசனைக் கூட்டங்களில் தட்டப்பட்டது. புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் திறத்தால் கச்சேரிக் கருவியாயிற்று. டோலக்கு கூத்து மேடையிலும் தெருப் பாட்டிலும் முழங்குவது. இக்கருவிகளைக் கச்சேரிக்கு மிகையானவை எனக் குறைகூறினாரும் அக்காலத்து இருந்தனர். ஆனால் தாளத்தின் வழியே ஊர்ப்புற இசை மேடையேறியது என்பதே அதன் பொருள் என யாம் கொள்கின்றோம். இராகத்தைக் காட்டிலும் தாளமே இருவகை இசைக்கும் எளிதாகத் திறந்த வாயில்.

பட்டம்மாளும் சுதந்திரப் பள்ளும்

நயினாப் பிள்ளை காஞ்சியில் தியாகராசர் விழாவை நடத்திவந்தார். அவ்விழாவை ஒட்டி நடந்த போட்டி ஒன்றில் எட்டு வயதில் பரிசு பெற்ற சிறுமியே பின்னாளில் புகழ்பெற்ற டி. கே. பட்டம்மாள் (1919–2009). அவர் பெயரின் முன்னெழுத்திலுள்ள தாமல், காஞ்சியை அடுத்த சிற்றூர். நயினாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தம் தாள அறிவை வளர்த்துக்கொண்டவர் அவர். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இராகம் தானம் பல்லவியை மேடையில் பாடி நிலைநாட்டினார்.

அவர் பாடிப் பரப்பியவற்றுள் பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு' தனித்து ஆராயத்தக்கது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' என்னும் திரைப்படத்தின் வழியே அப்பாடல் பட்டம்மாளின் குரலில் தமிழகம் எங்கும் ஒலித்தது. பாரதியார் அதற்குப் 'பள்ளர் களியாட்டம்' எனத் துணைத்தலைப்புத் தந்து, வராளி இராகத்தையும் ஆதி தாளத்தையும் குறித்தார். பள்ளு என்பது வயலில் உழைப்போரின் வாழ்வையும் ஆட்டத்தையும் பொருளாகக் கொண்டு பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தழைத்த இலக்கிய வகை. அதனை எடுத்து நாட்டு விடுதலையின் பாடலாக்கியவர் பாரதியார். கும்மி, சிந்து, கிளிக்கண்ணி ஆகியவற்றையும் அவர் இவ்வாறே ஆண்டார்.

ஆக, உழவரின் ஆட்டம், புலவரின் பள்ளு, பாரதியாரின் நாட்டுப்பாட்டு, காஞ்சி மரபில் வளர்ந்த பாடகியின் குரல், திரைப்படம் என ஒரே பாடல் ஐந்து நிலைகளைக் கடந்து வந்தது. செவ்விசையும் நாட்டுப்புற இசையும் நாட்டுணர்ச்சியும் ஒருங்கே கூடிய இடம் இதுவே. ஆயினும் குறை ஒன்று எஞ்சுகின்றது. பாடலின் தலைப்பில் உழைப்போரின் பெயர் உண்டு. இசைத்தட்டிலும் திரையிலும் அவர்களுடைய சொந்தக் குரல் இல்லை.

ஊர்ப்புறத்துக் கூத்து

காஞ்சியின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஊர்களில் திரௌபதியம்மன் விழாக்கள் இன்றும் நடைபெறுகின்றன. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழும். விடிய விடிய நடக்கும் அக்கூத்தின் இசையை ஒருமுறை கேட்டோர், அதனை இலக்கணம் அற்றதென்று கூறத் துணியார். மோகனம், முகாரி, காம்போதி எனக் கச்சேரியில் வழங்கும் இராகப் பெயர்களே அங்கும் வழங்குகின்றன. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, தாளம் ஆகியவற்றோடு முகவீணையும் ஒலிக்கின்றது. பெயரில் வீணை இருப்பினும் முகவீணை நரம்புக்கருவி அன்று. நாதசுரம் போன்ற சிறிய துளைக்கருவி.

வேற்றுமை இல்லை என யாம் கூறவில்லை. கச்சேரியில் இராகம் தன்னளவில் விரித்துரைக்கப்படும் பொருள். கூத்தில் இராகம் பாத்திரத்தின் உணர்ச்சிக்கு ஏவல் செய்வது. திறந்தவெளியில் நெடுந்தொலைவு கேட்கவேண்டியிருத்தலின் கூத்தர் உச்சத் தொனியில் பாடுவர். நுண்ணிய கமகங்களுக்கு அங்கு இடம் குறைவு. இவை உண்மையான வேற்றுமைகள். ஆனால் இவை பயன்பாட்டினால் வந்த வேற்றுமைகளேயன்றி, ஒன்று அறிவு மற்றொன்று அறியாமை என்னும் வேற்றுமை அல்ல.

பெயரிலும் ஒரு வழக்கு உண்டு. தெருக்கூத்து என்னும் பெயர் தம் கலையைத் தாழ்த்துவதாகக் கருதிய கலைஞர் சிலர், கலைஞர் அணியும் கட்டை அணிகலன்களின் பெயரால் கட்டைக்கூத்து என்பதையே விரும்பினர். 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. அதன் நிறுவுநருள் ஒருவரான பெ. ராஜகோபால் வழிவழிக் கூத்துக் குடும்பத்தில் வந்த நடிகர், ஆசிரியர், நாடக ஆசிரியர். ஆய்வாளர் ஹன்னெ டி பிரூயின் அவருடன் இணைந்து பணியாற்றியவர். 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. ஆடவரே ஆடிவந்த கலையில் பெண்களையும் பயிற்றியது. 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டது. 2017இல் ராஜகோபாலின் குழுவினரும் கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரும் ஒரே மேடையில் பாரதக்கதையை நிகழ்த்தினர். கச்சேரிப் பாடகரும் கூத்தரும் அருகருகே நின்று பாடியதைச் செய்தித்தாள்கள் புதுமையாகப் போற்றின. பெரும்பாணாற்றுப்படையைக் கற்றவர்க்கு அது முற்றிலும் புதுமையன்று.

மெக்சிகோ நாட்டு ஒப்புமை

பிறநாட்டு வரலாறு ஒன்றை ஒப்பிட்டு நோக்கின் காஞ்சியின் இயல்பு இன்னும் தெளிவுறும். மெக்சிகோவில் 1910இல் தொடங்கிய புரட்சிக் காலத்தில், ஐரோப்பிய இசையைப் பயின்ற இசையமைப்பாளர், தம் நாட்டுக்கே உரிய இசை யாது என வினவத் தொடங்கினர். மனுவேல் போன்சே (1882–1948) நாட்டுப்பாடல்களைத் தொகுத்துக் கச்சேரிக்கேற்ப அமைத்தார். கார்லோஸ் சாவெஸ் (1899–1978), 1935–36இல் இயற்றிய 'இந்தியச் சிம்பொனி'யில் யாக்கி முதலிய தொல்குடிகளின் மெட்டுகளைப் பல்கருவிக் குழுவுக்கு உரியதாக்கினார்; அக்குடிகளின் தாளக்கருவிகளையும் அதில் சேர்த்தார். ஹொசே பாப்லோ மோன்கயோ, வெராக்குரூஸ் பகுதியின் ஆட்டப்பாடல்களைக் கேட்டறிந்து 1941இல் 'வாபாங்கோ' என்னும் இசைப்படைப்பை ஆக்கினார். அந்நாட்டு மக்கள் அதனைத் தம் நாட்டின் இரண்டாம் வாழ்த்துப்பாடல் போலப் போற்றுகின்றனர்.

இருநாட்டுக்கும் பொதுவான கூறு ஒன்றும் வேறான கூறு ஒன்றும் உள்ளன. அங்கு இருவகை இசைக்கும் இலக்கணமே வேறு. ஆகவே இசையமைப்பாளர் ஒருவர் முனைந்து ஊர்ப்புறம் சென்று மெட்டைக் கேட்டு, எழுதி, வேறோர் இலக்கணத்துக்குள் கொண்டுவரவேண்டியிருந்தது. காஞ்சியிலோ பண்ணும் தாளமும் இருபாலும் வழங்கியமையின், கலப்பு எழுதாமலே, ஒருவர் திட்டமிடாமலே, நூற்றாண்டுகளாக நிகழ்ந்தது. இது வேறுபாடு. வெராக்குரூஸில் மோன்கயோவுக்குப் பாடிக்காட்டியோரின் பெயர்களை உலகம் அறியாது. படைப்பின் தலையில் நிற்பது அவர் பெயரே. காஞ்சியிலும் எருகலரின் பெயரும் இசைக்குடும்பத்துப் பெண்டிரின் பெயர்களும் அவ்வாறே பின்தள்ளப்பட்டன. இது பொதுமை. நாட்டிசை என்னும் பெருமையை எல்லோரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஆனால் அதனைக் காத்தோர்க்குரிய பங்கு கணக்கிடப்படுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. காஞ்சியில் செவ்விசைக்கும் நாட்டுப்புற இசைக்கும் இடையே பண்ணாலும் தாளத்தாலும் மூடப்படாத வழி எக்காலத்தும் இருந்தது. அவ்வழியே சென்றுவந்தவற்றுள் பொருள் எஞ்சியது. தந்தோர் பெயர் பெரும்பாலும் எஞ்சவில்லை. பெயர் எஞ்சாமைக்குக் காரணம் இசையின் தரம் அன்று, எழுதுவோரின் நோக்கே.

இதற்கு மாற்றும் நம் மரபிலேயே உண்டு. ஒரு கீர்த்தனையைப் பாடும்போது, இஃது இன்னார் பாடாந்தரம் எனக் கூறுதல் இசைவாணரிடையே நெடுங்கால வழக்கு. பாடலை ஆக்கியவர் ஒருவராயினும், அது வந்த வழியையும் கூறவேண்டும் என்னும் நேர்மை அச்சொல்லில் உள்ளது. ஆய்வாளர் அவ்வழக்கத்தை ஏற்றுக் கொள்ளுதல் வேண்டும். தலங்கள்மேல் பாடப்பட்ட பாடல்களைத் தொகுக்கும் மாணவர், ஆக்கியோரின் பெயரோடு நிறுத்தாமல், அப்பாடல் எவ்வெவ் வாய்வழியே வந்தது என்பதையும் குறித்தல் வேண்டும். கூத்தரிடம் சென்று பாட்டைப் பதிவு செய்வோர், பாட்டோடு பாடியவர் பெயரையும், அவர்க்குக் கற்பித்தவர் பெயரையும், ஊரையும் பதிவு செய்தல் வேண்டும். முகவீணை வாசிப்போர் தொகை அருகிவருகின்றது. முதியோர் பலர் ஏட்டில் ஏறாத மரபோடு வாழ்கின்றனர். காஞ்சி வட்டாரத்தில் இப்பணியை ஒரு மாணவர் இவ்வாண்டே தொடங்கினாலும், காலம் தாழ்த்தியே தொடங்கியவர் ஆவார். ஆயினும் தொடங்குதல் வேண்டும்.